கொடைக்கானல் ஏரியின் அடியில் என்ன இருக்கிறது?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் ஊர் நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். காரணம் கொளவாய் ஏரி. தண்டவாளத்தை ஒட்டியே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மழைக்காலத்தில் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். மதுராந்தகம் ஏரியில் தொடங்கி, பெயர் தெரியாத சித்தேரி, தாங்கல் வரை எண்ணி மாளாது. இங்கே ஏரி என்றால் தண்ணீர் மட்டும் கிடையாது, வண்டலும்தான். கோடையில் ஏரி வற்றியதும் மாட்டு வண்டியில் (இப்போது டிராக்டரில்) வண்டல் அள்ளி வயலில் போடுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. மேட்டிலிருந்து மழை அடித்துக்கொண்டு வரும் சத்தெல்லாம் ஏரியின் அடியில்தான் போய்ச் சேரும் என்பது படிக்காத விவசாயிக்கும் தெரியும்.

சத்து போய்ச் சேரும் இடத்தில் விஷமும் போய்ச் சேரும் அல்லவா? அப்படி விஷம் போய்ச் சேர்ந்த ஓர் ஏரியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. அது செங்கல்பட்டில் இல்லை. தேனிலவுக்கும் கல்லூரிச் சுற்றுலாவுக்கும் எல்லோரும் போகிற கொடைக்கானலில் இருக்கிறது. விஷத்தின் பெயர் பாதரசம்.

வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்கு

கொடைக்கானல் ஏரி இயற்கையானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் 1863-ல் ஓடையை மறித்துக் கட்டியது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். படகு சவாரி, சைக்கிள் சவாரி, வேகவைத்த சோளம் எல்லாம் இந்தக் கரையைச் சுற்றித்தான்.

அந்த ஏரியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு மேட்டில், பாம்பார் சோலையின் விளிம்பில், 1983-ல் ஒரு தொழிற்சாலை வந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலையை மூடி, அதே இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து மலைமேல் பொருத்தினார்கள். கொண்டுவந்தது செசப்ரோ பாண்ட்ஸ் நிறுவனம். ஆமாம், பவுடர் டப்பாவில் இருக்கும் அதே பாண்ட்ஸ். 1987-ல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. அதுதான் இப்போதைய ஹிந்துஸ்தான் யூனிலீவர்.

இதில் வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. இயந்திரமும் வெளிநாட்டு இயந்திரம். செய்து முடித்த தெர்மாமீட்டரும் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி ஆனது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்திருக்க முடியாது. நம் ஊர் கொடுத்தது குறைந்த கூலி உழைப்பையும், குளிர்ந்த காற்றையும், உடைந்த கண்ணாடியைக் கொட்ட ஓர் இடத்தையும்தான். கணக்குப் புத்தகத்தில் இந்த மூன்றாவது அயிட்டத்துக்குத் தலைப்பே கிடையாது!

அந்த உடைந்த கண்ணாடிதான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பழைய சாமான் கடைக்கு விற்கப்பட்டு, ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் கிழிந்த சாக்குகளில் குவிந்து கிடந்தன. 2001 மார்ச் 7-ம் தேதி உள்ளூர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஆலை வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். அந்தக் குவியலின் எடை 7.4 டன். உற்பத்தி அந்த மாதமே நின்றது. ஆலை மறுபடி திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இந்திய வரலாற்றில் அபூர்வமான காட்சி. பணக்கார நாடுகளின் குப்பை ஏழை நாடுகளுக்கு வருவதுதான் வழக்கம். 2003-ல் அது திரும்பிப் போனது. பாதரசம் கலந்த கண்ணாடியும் கழிவுமாகச் சுமார் 290 டன் மலையிலிருந்து இறக்கப்பட்டுக் கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பாதரச மீட்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாள்களும் கொண்டாடின. பிரச்சினை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

மூட்டை கட்ட முடிந்ததை மூட்டை கட்டி அனுப்பியாகிவிட்டது. மூட்டை கட்ட முடியாதது?

மேட்டில் கொட்டியது ஏரிக்கு எப்படி வந்தது?

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. ஆலை இருந்த மேட்டில் விழும் மழை பாம்பார் சோலை வழியாகத் தெற்கே இறங்குகிறது. அந்தப் பாம்பாறுதான் பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியாகக் கொட்டி, கடைசியில் வைகையோடு சேர்கிறது. கொடைக்கானல் ஏரியின் உபரி நீரோ மலையின் வேறு பக்கம், பேருந்தில் ஏறும்போது எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுக்கும் வெள்ளி அருவி வழியாகப் போகிறது. இரண்டும் வேறு வேறு வடிகால். அப்படியானால் ஆலையின் பாதரசம் ஏரிக்குள் இருக்கக் கூடாது.

ஆனால் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பொருள் பகுப்பாய்வு மையத்தின் விஞ்ஞானிகள் கொடைக்கானலில் மாதிரிகள் எடுத்துச் சோதித்தார்கள். முதலில் அவர்கள் பார்த்தது மரத்தில் ஒட்டி வளரும் பாசியையும் லைக்கனையும். இவற்றுக்கு வேர் கிடையாது. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் காற்றில் என்ன இருந்தது என்று சொல்லும் சாட்சிகள் அவை. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கத்தில் எடுத்ததைவிட, கொடைக்கானலில் எடுத்த பாசியிலும் லைக்கனிலும் பாதரசம் ஏறக்குறைய 40 மடங்கு இருந்தது. ஆலைக்கு வெளியே காற்றிலேயே ஒரு கன மீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம் இருந்தது. சாதாரணக் காற்றில் இது நானோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதாவது நூறு மடங்குக்கும் கீழே.

புதிர் அவிழ்ந்துவிட்டது. பாதரசம் ஏரிக்கு ஓடையில் வரவில்லை, காற்றில் வந்தது. உலோகங்களில் இது ஒரு விசித்திரப் பிறவி. தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆனாலும் சாதாரண வெப்பநிலையிலேயே மெல்ல மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. தரையில் சிந்திய ஒரு துளி உருண்டு மறைந்துபோனால் தொலைந்தது என்று நினைப்போம். அது காற்றில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

2006-ல் வெளியான அடுத்த ஆய்வில் அதே விஞ்ஞானிகள் ஏரிகளையே எடுத்துக்கொண்டார்கள். கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கேட்கும்போது 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஒப்பிட்டுப் பார்த்த பேரிஜம், குக்கால் ஏரிகளின் தண்ணீரில் இதைவிட மிகக் குறைவு. அடிச் சேற்றிலும் அதே வரிசைதான். கொடைக்கானல் முதலில், பேரிஜம் அடுத்து, குக்கால் கடைசி. ஆலையிலிருந்து தூரம் போகப் போகக் குறைகிறது. ஆலை மூடி சுமார் நான்கு வருடம் ஆன பிறகும் ஏரி அப்படியேதான் இருந்தது.

அந்த ஆய்வில் பெரும்பாலானோர் கண்ணில் படாத ஒரு எண் இருக்கிறது. கொடைக்கானல் ஏரியின் சேற்றில் இருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது. குக்காலில் அது 2 சதவீதம். மொத்தம் எவ்வளவு என்பதைவிட இந்தச் சதவீதம் முக்கியம். ஏன் என்று தெரிந்துகொள்ள ஏரியின் அடிக்கே இறங்க வேண்டும்.

ஒரே உலோகம், பல வேஷம்

பாதரசம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும். ஸ்பெயினின் அல்மடேன் சுரங்கத்தில் இரண்டாயிரம் வருடமாக வெட்டி எடுத்தது சிவப்புக் கல். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கல்லைத்தான் நம் சித்த மருத்துவத்தில் இலிங்கம், சாதிலிங்கம் என்கிறார்கள். பாறைக்குள் அது கோடிக்கணக்கான வருடம் அசையாமல் கிடக்கும். தண்ணீரில் கரையவே கரையாது. அதைச் சுட்டால் வெள்ளிபோல ஓடும் உலோகம் கிடைக்கும். தெர்மாமீட்டரில் இருப்பது அது. அந்த உலோகத் துளியைத் தெரியாமல் விழுங்கிவிட்டால்கூடப் பெரும்பாலும் குடலில் ஒட்டாமல் வெளியேறிவிடும். அதையே ஆவியாகச் சுவாசித்தால் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும், சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

காற்றில் போன ஆவி மழையோடு இறங்கும்போது தண்ணீரில் கரையும் உப்பாக மாறியிருக்கும். ஏரியில் விழுந்ததும் இலைமக்கு, பாசி, களிமண் என்று எது கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். அடிச் சேற்றில் ஆக்ஸிஜன் இல்லை. குளத்துச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருமே, அது அங்கே வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு. அந்தக் கந்தகத்தோடு பாதரசம் சேர்ந்தால் கறுப்பு நிறச் சல்பைடாக மாறும். சிவப்பு இலிங்கத்தின் கறுப்புத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் எளிதில் கரையாது.

கதை இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. சேறு விஷத்தைக் கட்டிப்போட்டுவிட்டது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் அழுகிய முட்டை வாடையைக் கிளப்பும் அதே பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கு இன்னொரு வேலையும் தெரியும். கந்தகம் பிடிப்பதற்கு முன்னால் கிடைக்கும் பாதரசத்தை, நுண்ணிய துகளாக இருக்கும் புதுச் சல்பைடையும்கூட, உள்ளே இழுத்து அதனோடு கரியும் ஹைட்ரஜனும் கொண்ட ஒரு சிறு கண்ணியைக் கோத்துவிடும். வெளியே வருவது மெத்தில் பாதரசம். உயிருள்ள உடம்பில் புகுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும் வடிவம் இது. பாசியில் ஏறும், பாசி தின்னும் பூச்சியில் ஏறும், சின்ன மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். தண்ணீரில் இருப்பதைவிடப் பெரிய மீனின் தசையில் பத்து லட்சம் மடங்குகூட இருக்கலாம். கொழுப்பில் இல்லை, சதையின் புரதத்தில் ஒட்டியிருப்பதால் கழுவினாலும் வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது. கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வரை போகும்.

ஆக, ஒரு ஏரியில் ஒரு கிலோ சேற்றில் இத்தனை மில்லிகிராம் பாதரசம் என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான் சொன்னதாகும். அத்தனையும் இலிங்கமாக இருந்தால் ஒரு கதை, அதில் ஆறு சதவீதம் மெத்திலாக இருந்தால் வேறு கதை. இதைப் பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகள் கையாளும் முறை ஒன்று சுவாரசியமானது. அதே சேற்றை முதலில் வெறும் தண்ணீரில் கழுவுவார்கள், பிறகு வயிற்று அமிலம் போன்ற மெல்லிய அமிலத்தில், பிறகு காரத்தில், பிறகு கடும் நைட்ரிக் அமிலத்தில். கடைசியில் தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு கரைந்து வருகிறது என்பதை வைத்து எவ்வளவு ஆபத்தான வடிவம், எவ்வளவு சும்மா கிடக்கும் வடிவம் என்று கணக்குப் போடுவார்கள். இராஜ திராவகம் வரை பிடிவாதமாக நிற்பதுதான் சல்பைடு.

வடிவம் மாறினால் விஷம் மாறும் என்பது பாதரசத்துக்கு மட்டும் உள்ள குணமில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் கலக்கும் பாலாறு, மேலே வேலூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளைக் கடந்து வருகிற ஆறு. அங்கே பேசப்படும் உலோகம் குரோமியம். தோல் பதனிடும் மூன்றிணை குரோமியம் ஓரளவு சாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலையில் இருக்கும் ஆறிணை குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. பெயர் ஒன்று, ஆள் வேறு. சரி, மலைக்குத் திரும்புவோம்.

எப்போதே தெரிந்த விஷயம்

இந்தக் கதையில் மனதை உறுத்துகிற இடம் இதுதான். சேற்றில் பாக்டீரியா செய்யும் இந்த வேலை 1983-ல் யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லவே இல்லை.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956 மே 1-ம் தேதி ஹோசோகவா ஹஜிமே என்ற மருத்துவர் பெயர் தெரியாத நரம்பு நோய் பரவுவதாக சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அவர் வேலை பார்த்தது சிஸ்ஸோ ரசாயன நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில். 1959-ல் அவரே அந்த ஆலையின் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். மனிதர்களுக்கு வந்த அதே வலிப்பு பூனைக்கும் வந்தது. நிறுவனம் முடிவை வெளியே விடவில்லை. ஆலை அந்த முறையில் உற்பத்தியை நிறுத்தியதும், அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968-ல். நோயாளிகளாக அரசே ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

மினமாட்டாவில் மெத்தில் பாதரசம் ஆலைக்குள்ளேயே உருவாகிக் கடலுக்குப் போனது. அதனால் 'சாதாரணப் பாதரசத்தைக் கொட்டினால் ஒன்றுமில்லை' என்று மற்ற ஊர்களில் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. அந்த வழியையும் 1969-ல் அடைத்தார்கள் ஸ்வீடனின் சோரன் ஜென்சன், ஆர்னே ஜெர்னலோவ் இருவரும். மீன் தொட்டியின் அடிச் சேற்றில் சாதாரணப் பாதரச உப்பைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள், அது மெத்தில் பாதரசமாக மாறியது. அடுத்த ஆண்டே கனடாவில் நார்வால்ட் ஃபிம்ரைட் என்ற ஆராய்ச்சி மாணவர் செயின்ட் கிளேர் ஏரி மீன்களில் இருந்த பாதரசத்தை அளந்து சொன்னார். அங்கே மீன்பிடிக்கத் தடை வந்தது. ஒரு மாணவர் ஒரு ஏரியையே மூட வைத்திருக்கிறார், நாம் இன்டர்னல் மார்க்குக்கே மன்றாடிக்கொண்டிருக்கிறோம் :-)

அதே 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் ஒனாண்டகா ஏரியிலும் மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள். அலைட் கெமிக்கல் என்ற நிறுவனம் 1946 முதல் அந்த ஏரிக்குள் சுமார் 75 டன் பாதரசத்தை விட்டிருந்தது. ஒனாண்டகா எங்கே இருக்கிறது? வாட்டர்டவுனிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில், அதே மாநிலத்தில்! பாதரசம் போன ஏரியில் மீன் சாப்பிடக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்ட மாநிலத்திலிருந்துதான், பதின்மூன்று வருடம் கழித்து, பாதரச ஆலை ஒன்று பிரித்து மூட்டை கட்டப்பட்டு நம் மலை ஏரிக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. நம் பக்கத்தில் அனுமதி கொடுத்தவர்களும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. வேலை வாய்ப்பு, அந்நியச் செலாவணி என்ற இரண்டு சொற்களுக்கு முன்னால் அந்தக் காலத்தில் வேறு எந்தச் சொல்லும் நிற்கவில்லை.

தொழிலாளிகளும் எண்களும்

ஏரிக்கு நடந்தது மெதுவாக நடந்தது. ஆலைக்குள் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. கையில் பாதரசம் படுவது, வேலை செய்த உடையோடு வீட்டுக்குப் போவது, அது எவ்வளவு ஆபத்து என்று யாரும் சரியாகச் சொல்லித்தராதது என்று முன்னாள் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் சொல்லிவந்தார்கள். 2006-ல் அவர்களுடைய சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு தொழிலாளர்கள் பக்கம் பேசியது. நிறுவனம் கடைசி வரை, தங்கள் ஆலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டை இணையத்தில் வெளியிட்டார். ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டில் கொடைக்கானலைப் பற்றி மூன்று நிமிடச் சொச்சம். பதினான்கு வருடம் மனுக்களால் முடியாததை அது செய்தது. உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் சமரசம் செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படை என்று சொல்லப்பட்டது.

அடுத்த சண்டை மண்ணைப் பற்றியது. ஆலை வளாகத்து மண்ணை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும்? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு நிர்ணயித்தார்கள். பல நிறுவனங்களின் ஆய்வை வைத்துத்தான் இந்த அளவு என்றது கம்பெனி. பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு மில்லிகிராம் என்று இருக்கும்போது சோலைக் காட்டுக்கு 20 எப்படிப் போதும் என்று கேட்டார்கள் செயற்பாட்டாளர்கள். யூனிலீவரின் தலைமையகம் லண்டனில் இருப்பதால் இந்தக் கேள்விக்குக் கூடுதல் சூடு. 2017-ல் வளாகத்துக்குள் சோதனை அளவில் மண்ணைக் கழுவிச் சூடேற்றும் வேலை நடந்தது.

இரு தரப்பும் சண்டை போட்டது ஒரே ஒரு எண்ணுக்காக, ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம். அந்த மில்லிகிராம் எந்த வடிவில் இருக்கிறது, மழையில் அரித்துப் போய் ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் இறங்கினால் என்னவாக மாறும் என்பது வாதத்தில் ஓரமாகத்தான் வந்தது. இவ்வளவுக்கும் 2013-ல் பாக்டீரியாவின் எந்த இரண்டு ஜீன்கள் இந்த வேலையைச் செய்கின்றன என்பதையே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினர் கண்டுபிடித்துவிட்டார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டு, அதில் வாராக்கடன் எவ்வளவு என்று கேட்காத தணிக்கை மாதிரி இது.

சேற்றை என்ன செய்வது?

தூர்வாரிவிடலாமே என்று தோன்றும். கொளவாய் மாதிரி ஏரிக்கு அது சரி. பாதரசம் படிந்த சேற்றைக் கிளறினால் அடியில் கட்டுண்டு கிடந்ததும் மேலே வரும். அள்ளிய வண்டலை வயலுக்கும் அனுப்ப முடியாது. மினமாட்டா விரிகுடாவில் கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இருந்த சேற்றை மட்டும் உறிஞ்சி எடுக்க 1977 முதல் 1990 வரை ஆயிற்று. எடுத்த சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டர். அதைக் கரையோரமாக அடைத்து மேலே நல்ல மண் போட்டு மூடி 58 ஹெக்டேர் புதுத் தரை உண்டாக்கினார்கள். இன்று அங்கே பூங்கா இருக்கிறது. பாதரசம் போகவில்லை, பூங்காவுக்கு அடியில் இருக்கிறது.

ஒனாண்டகாவில் 2012 முதல் 2014 வரை தூர்வாரினார்கள், சில இடங்களில் மணலும் சரளையும் போட்டு மூடினார்கள். ஆழமான நடு ஏரியில் செய்ததுதான் புதுமை. கோடையில் அடித் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும் சமயம் பார்த்து கால்சியம் நைட்ரேட் கரைசலை இறக்கினார்கள். நைட்ரேட் இருக்கும்வரை மெத்தில் பாதரசம் செய்யும் கூட்டம் தலைதூக்க முடியாது. பாதரசத்தை ஒரு கிராம்கூட வெளியே எடுக்காமல், அது வேஷம் மாறாமல் தடுக்கிற வேலை. அதற்கு முதலில் ஏரியில் எந்த வடிவம் எவ்வளவு, எந்த மாதத்தில் கூடுகிறது என்று வருடக்கணக்கில் அளந்து எழுதி வைத்திருந்தார்கள்.

மினமாட்டா பெயரிலேயே 2013-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியா 2018-ல் அதை உறுதி செய்தது. பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்திக்கு அதில் வைத்த கெடு 2020. மருந்துக் கடையில் இப்போது கேட்டால் பேட்டரி போட்ட தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கொடைக்கானலில் சுத்தம் செய்ய வகுத்த திட்டமும் 20 மில்லிகிராம் வரம்பும் ஆலை வளாகத்து மண்ணுக்கானவை. ஏரியின் அடிச் சேறு அந்த எல்லைக்குள் வரவில்லை. சீசன் நாட்களில் அதன் மேல்தான் படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன.